கோதையாறுக்குப் பின்னால் இருக்கிற புலிக்காடு: போய்வந்த அனுபவம்

நாகர்கோவிலிலிருந்து:

களக்காடு முண்டந்துறைக்கு எப்போது போகலாம் என்று கேட்டிருந்தீர்கள். 1988-ல் அறிவித்த, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அது. நம்ம குமரி மாவட்டத்து வீரப்புலி, கீழமலைக் காடுகளில் ஒரு பகுதியும் அதில் சேர்ந்ததுதான். ஆனால் கூத்தைப் பாருங்கள், அப்பர் கோதையாறு இருப்பது குமரி மாவட்டத்தில்; காரில் போக வேண்டுமென்றால் ஆரல்வாய்மொழி தாண்டி, நெல்லைச் சீமையைச் சுற்றி, மணிமுத்தாறு, மாஞ்சோலை வழியாகத்தான் ஏற வேண்டும். அதற்கும் அம்பாசமுத்திரத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

முதல் தடவை நான் போனது ஆடி அமாவாசையை ஒட்டி. காலண்டரைப் பார்க்காதது என் தப்பு. சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் குடில் போட வந்த கூட்டத்தில் எங்கள் காரைக் கீழேயே நிறுத்திவிட்டார்கள். பாபநாசத்தில் குளித்துவிட்டுத் திரும்பி வந்தோம்.

அடுத்தது பிப்ரவரியில். இரண்டு மழையும் ஓய்ந்திருக்கும், அட்டைக் கடியும் குறைவு. முண்டந்துறைப் பக்கம் வனக்காவலரோடு அனுமதித்த பாதையில் நடந்தோம். ஒரு மிளா மான் ‘பாங்க்’ என்று கத்தியது. அவர் கையைக் காட்டினார், அப்படியே நின்றோம். கொஞ்ச நேரம் கழித்துச் சாய்ந்திருந்த ஒரு மரத்தடியில் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, “தம்பி, இங்க வாங்க” என்றார். மோந்தேன். பாசுமதி சோறு வடித்த வாசனை!

“இந்தக் காட்டுல யார் அண்ணாச்சி பிரியாணி போடுறது?”

“புலி ஒண்ணுக்கு அடிச்சிருக்கு, தம்பி.”

பாசுமதிக்கு மணம் தருகிற அதே பொருள்தான் புலி தன் எல்லையைக் காட்டப் பீய்ச்சுகிற நீரிலும் இருக்கிறதாம். இரண்டு நாள் சுற்றி நான் ‘பார்த்த’ புலி அவ்வளவுதான். எனக்கு அதுவே போதும். புலியைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் முதுமலைக்குப் போய் முயற்சி செய்யலாம். இது அடர்ந்த காடு, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது.

பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து:

அனுமதி, கார், பிப்ரவரி எல்லாம் சரி அண்ணே. எங்களுக்கு அதெல்லாம் வேண்டாம், புலியே வீட்டுக்கு வரும். 2023 ஜூனில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை அப்பர் கோதையாறு காட்டில் கொண்டு விட்டார்கள். யானை கீழே இறங்கிவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தபோதே சிற்றாறு ரப்பர் தோட்டத்துப் பக்கம் புலி வந்து ஆடுமாடுகளைப் பிடிக்க ஆரம்பித்தது. வாரக்கணக்கில் தேடித்தான் பிடித்தார்கள்.

நான் ரப்பர் பால்வெட்டுகாரன். விடியும் முன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். அந்த நாட்களில் ஒருநாள் கதவைத் திறந்தால் நாய் குரைக்கவில்லை. நரி வந்தாலே ஊரை எழுப்புகிற நாய், திண்ணைக்கு அடியில் வாலைச் சுருட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. வெளியே சீவிடு, அதுதான் சில்வண்டு, அதுகூடக் கத்தவில்லை. “இன்னைக்குப் பால் எடுக்க வேண்டாம், உள்ள வாங்க” என்றாள் வீட்டுக்காரி. புலியா, சிறுத்தையா, வேறு ஏதாவதா, தெரியாது. நான் லைட்டை அணைக்கக்கூட இல்லை, அப்படியே பின்னால் நடந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

அன்றைக்குக் கூலி போனது. நாய் மத்தியானம் வரை வெளியே வரவில்லை.