பெரிய ஜூம், கம்மி வெளிச்சம், சட்டைப்பை கேமரா: வேலூர் பக்கம் எடுத்துப் பார்த்தவங்க சொல்றது

சத்துவாச்சாரி:
பைக்குள்ள அடங்கணும், ஜூம் நல்லா இருக்கணும், இருட்டுலயும் படம் சுத்தமா வரணும், எந்த கேமரா வாங்கலாம்னு ஒரு தம்பி கேட்டிருந்தார். கடையில அட்டைப்பெட்டி மேல 40எக்ஸ்னு, அதாவது 40 மடங்கு ஜூம்னு, கொட்டை எழுத்துல போட்டிருப்பான். அதை விட்டுட்டு லென்ஸ் வளையத்துல இருக்கிற பொடி எழுத்தைப் படிங்க தம்பி. என்கிட்ட இருக்கிற கேனான் எஸ்எக்ஸ்740-ல 1:3.3–6.9னு இருக்கு. ஜூம் பண்ணாதப்போ 3.3, கடைசி வரைக்கும் இழுத்தா 6.9. இந்த எண் ஏற ஏற உள்ள வர்ற வெளிச்சம் குறையும். 6.9-க்குப் போகும்போது கால் பங்குகூட மிஞ்சாது.

கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்குப் போனா இது கண்கூடாத் தெரியும். முன்வரிசைத் தூண்ல இருக்கிற யாளிக்கு வெளி வெளிச்சம் படும், எதுல எடுத்தாலும் வரும். உள்ள போய் அண்ணாந்து பாருங்க, விதானத்துல பூவைச் சுத்தி தலைகீழா தொங்குற கிளிங்க. ஜூம் இல்லாம 1/30 விநாடியில வர்ற அதே வெளிச்சம், முழு ஜூம்ல 1/7 விநாடி கேட்கும். கையில பிடிச்சா ஆடும். தூண்ல முதுகைச் சாய்ச்சு, மூச்சைப் பிடிச்சு, ரெண்டு விநாடி டைமர் வெச்சு எடுத்தா ஓரளவு தப்பிக்கலாம், கல்லுக்கிளி எங்கயும் பறக்கப் போறதில்ல. தானா விட்டா கேமரா ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுற அளவை, ஏத்திடும், கிளியோட அலகு இருக்க வேண்டிய இடத்துல மாவு பிசைஞ்ச மாதிரி ஒரு திட்டு நிக்கும். உள்ள இருக்கிற சென்சார், அதான் படம் பதியுற சில்லு, அவ்வளவு சின்னது, ஏறக்குறைய 6.2க்கு 4.6 மில்லிமீட்டர்.

குடியாத்தம்:
அண்ணே, கல்லு நிக்கும், எங்க ஊர் திருவிழாவுல ஊர்வலமா வர்ற கெங்கையம்மன் சிரசு, அதான் அம்மன் தலை, நிக்குமா? வைகாசி 1 விடியக்காலம் தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயில்ல கிளம்பினா கோபாலபுரம் போய்ச் சேர்ற வரைக்கும் ஜனம் நெட்டித் தள்ளும். எதிர்ல புலி வேஷம், சிலம்பம், ரோடு முழுக்க தேங்கா ஓடு. போன்ல நைட் மோடு போட்டா பல படத்தை ஒண்ணாக் கோத்துத்தான் தருது. அசையாத கோபுரம் அருமையா வரும், சிலம்பம் சுத்துறவன் கை மட்டும் புகை மாதிரி இழுத்துக்கும்.

நான் வெச்சிருக்கிறது சோனி ஆர்எக்ஸ்100 ஆறாவது மாடல், 2018-ல வந்தது. 1 இன்ச் சென்சார்னு பேர்தான், அளந்தா 13.2க்கு 8.8 மில்லிமீட்டர், அண்ணன் கேமராவை விட பரப்புல நாலு மடங்கு. லென்ஸ் 24–200 மில்லிமீட்டர், இது ஏற ஏற தூரத்துல இருக்கிறது கிட்ட வரும். அண்ணன் சொன்ன வெளிச்ச எண் கடைசியிலயும் 4.5தான். மாடி மேல நின்னு முழு ஜூம்ல ஐஎஸ்ஓ 3200, 1/250 விநாடி. பெரிசு பண்ணிப் பார்த்தா புள்ளி தெரியும், இல்லன்னு சொல்லல. ஆனா அம்மன் கண்ணு, மூக்குத்தி, சரிஞ்சு தொங்குற மாலை எல்லாம் தனித்தனியாத் தெரியுது. ஆடாம இருக்க லென்ஸ்ல தர்ற ஸ்டெபிலைசேஷன் நம்ம கை நடுக்கத்துக்கு மட்டும்தான் அண்ணே. எதிர்ல ஆடுறவனை அது நிறுத்தாது. அதுக்கு ஷட்டர் வேகம் வேணும், வேகத்துக்கு வெளிச்சம் வேணும்.

காவேரிப்பாக்கம்:
எல்லாரும் 1 இன்ச்னு தூக்கி வெச்சுப் பேசுறீங்க. ஏரிக்கரையில நின்னு நடுத்தண்ணியில இருக்கிற நாமக்கோழியை 200-ல எடுங்க பார்ப்போம், கறுப்பா ஒரு பொட்டு! எங்களுக்கு எஸ்எக்ஸ்740 மாதிரி 24–960தான் சரி. காலை வெயில்ல சின்ன சென்சார் ஒண்ணும் கெட்டுப்போயிடல. ரெண்டு தொல்லை மட்டும் இருக்கு. கண்ணு வெச்சுப் பார்க்கிற வியூஃபைண்டர் அதுல கிடையாது, வெயில்ல திரை கண்ணாடி மாதிரி நம்ம மூஞ்சியைத்தான் காட்டும். இன்னொண்ணு நம்ம ஊர் அனல். வெயில் ஏறிட்டா தண்ணி மேல காத்து நெளியும், அவ்வளவு ஜூம்ல நாரை கழுத்தே வளைஞ்சு வளைஞ்சு வரும். எத்தனை லட்சம் கொடுத்து வாங்கினாலும் அதுக்கு மருந்து இல்ல, சீக்கிரம் போயிட்டு சீக்கிரம் வந்துடுங்க.

ராணிப்பேட்டை:
செகண்ட் ஹேண்டு வாங்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. நீட்டி மடக்குற லென்ஸ் ஒவ்வொரு தடவையும் காத்தை உள்ள இழுக்கும், கூடவே தூசியும் போகும். சென்சார்ல ஒட்டிச்சுன்னா லென்ஸ் மாத்துற கேமரா மாதிரி கழட்டித் துடைக்க முடியாது, பிரிச்சுத்தான் ஆகணும். பாலாத்து மணல்ல மயானக் கொள்ளை எடுத்த கேமராவா இருந்தா கேட்கவே வேணாம். இங்க ஒரு கடையில பளபளன்னு ஒண்ணு காட்டினாங்க, கீறல்கூட இல்ல. அந்த வெளிச்ச எண்ணை 8-ல (எஃப்8) வெச்சு, முழுசா ஜூம் பண்ணி, வெள்ளைச் சுவரை எடுத்தேன். வலது மூலையில சாம்பல் நிறத்துல மூணு வட்டம். "லைட் நிழல் சார்"னு கடைக்காரர் சொன்னார். கேமராவைத் தலைகீழாத் திருப்பி எடுத்தேன், அப்பவும் வட்டம் படத்துல அதே மூலையில நிக்குது. சுவர்ல விழுந்த நிழலா இருந்தா இடம் மாறியிருக்கும், இது உள்ள போன தூசி. வணக்கம் சொல்லிட்டு வந்துட்டேன்.

சோளிங்கர்:
எங்க மலைக்கு எதை எடுத்துட்டு வந்தாலும் வாரைக் கையில ரெண்டு சுத்து சுத்திக்கோங்க. குரங்குக்கு 1 இன்ச்சும் ஒண்ணுதான், 40எக்ஸும் ஒண்ணுதான். அப்படியே ஸ்ரீபுரம் பொற்கோயில் போறவங்க கேமராவை வீட்டுலயே வெச்சுட்டுப் போங்க, உள்ள போனுக்கே அனுமதி இல்ல.

சத்துவாச்சாரி:
தம்பி, கோயில் திருவிழா, கல்யாண மண்டபம், ராத்திரி தேர்னா குடியாத்தத்துக்காரர் சொல்றதைக் கேளுங்க. பறவைன்னா காவேரிப்பாக்கம். ரெண்டும் ஒண்ணுலயே வேணும்னு அடம்பிடிச்சா பானாசோனிக் டிஇசட்200 இருக்கு, 1 இன்ச் சென்சாரோட 24–360. ஆனா வளையத்துல 3.3–6.4னு போட்டிருக்கும், அதனால முழு ஜூம்ல இருட்டு வந்தா அதுவும் திணறும். ஜூமைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து எடுத்துட்டு, அப்புறம் வெட்டிக்கிறது மேல். கடைக்குப் போகும்போது உங்க மெமரி கார்டைக் கொண்டுபோங்க. கண்ணாடி ஷோகேஸ் பக்கம் விளக்கெல்லாம் ஜெகஜோதியா இருக்கும், அங்க எடுக்காதீங்க. கடைசி ரேக்கு மேல இருக்கிற அட்டைப்பெட்டி எழுத்தை, பிளாஷ் இல்லாம, முழு ஜூம்ல எடுத்து வீட்டுக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாருங்க. எழுத்து படிக்க வந்துச்சான்னு இங்க சொல்லுங்க, மிச்சத்தைப் பேசுவோம்.