மறு: ஃபேட்டி லிவருக்குத் தமிழ்ல என்ன? (கொழுப்புன்னு சொன்னா அத்தைக்குக் கோவம் வருது)

> "நிணக்கல்லீரல்"னு வச்சுக்கலாமே, பழைய பாட்டுலயெல்லாம் நிணம்னா கொழுப்புதான்.

ஐயா, நிணம் நல்ல சொல்லுதான், ஆனா அந்த சீட்டுல ஏற்கெனவே ஆள் உக்காந்தாச்சு. நிணநீர், நிணநீர்க்கணுன்னு பள்ளிக்கூடப் புத்தகத்துலயே லிம்ஃபுக்குக் குடுத்துட்டோம், இப்ப நிணக்கல்லீரல்னா படிக்கிறவன் நேரா அங்கதான் போய் நிப்பான்.

"மதுசாரா கொழுப்புக் கல்லீரல் நோய்"னு இன்னொருத்தர் எழுதியிருந்தாரு, மது சாராத, அதாவது குடியால வராததுன்னு அர்த்தம். அதுல வேற சிக்கல். சேர்த்து எழுதினா நம்ம இலங்கைக்காரங்க மதுசாரம்னு படிப்பாங்க, அவங்களுக்கு மதுசாரம்னாலே ஆல்கஹால். குடிக்காதவருக்கு வர்ற நோய்க்கு சாராய வாடை அடிக்கிற பேரு. தவிர அந்த "மது சாரா"ங்கறத இங்கிலீஷ் பேருலயே 2023-ல தூக்கிட்டாங்க. 1980-ல மேயோ கிளினிக் லுட்விக், குடிக்காதவங்க ஈரலும் குடிச்சவன் ஈரல் மாதிரியே வீங்கியிருக்கறதப் பாத்து வச்ச பேருல ஆரம்பிச்ச "நான்-ஆல்கஹாலிக்" அது. இப்ப எம்ஏஎஸ்எல்டி, அதாவது மெட்டபாலிக் (வளர்சிதை மாற்ற) கோளாறோட சேர்ந்து வர்ற ஸ்டீட்டோட்டிக் ஈரல் நோய். ஃபேட்டிங்கறது ஆளக் கேவலப்படுத்துதுன்னு கிரேக்கத்துக்கு ஓடி ஸ்டீட்டோட்டிக்னு வச்சுக்கிட்டாங்க. அதுக்கும் அர்த்தம் கொழுப்புதான், யாருக்கும் புரியாது, அவ்ளோதான்.

அந்தக் கேவலம் எப்படி இருக்கும்னு போன மாசம் கண்ணால பாத்தேன். பெங்களூரு அல்சூர்ல எங்க அத்தை, வயசு 63, கை கால் குச்சி மாதிரி, வயிறு மட்டும் கொஞ்சம் முன்னாடி. வேற எதுக்கோ ஸ்கேன் எடுக்கப் போனோம், ரிப்போர்ட்ல கிரேடு 2 ஃபேட்டி லிவர். அங்க இருந்த பொண்ணு கன்னடத்துல, "லிவரல்லி கொப்பு இதெ அம்மா"ன்னுச்சு. கொப்புன்னாலும் கொழுப்புதான், கன்னடத்துலயும் அது திமிருக்கு ஆகும். அத்தை என்னப் பாத்தாங்க. நான் வேற பெரிய மொழிபெயர்ப்பாளனாட்டம் "கல்லீரல்ல கொழுப்பு அத்தை"ன்னுட்டேன். "எனக்கு என்னடா கொழுப்பு, உங்க மாமா போனப்புறம் ஒரு வேளை வாய்க்கு ருசியா சாப்பிட்டிருப்பனா"ன்னு ஆட்டோல வீடு வர்ற வரைக்கும் பேசல. கீழ் வீட்டம்மா அதுக்கு மேல, "அது குடிக்கறவங்களுக்குத்தான வரும்?"னு கேட்டுட்டாங்க.

டாக்டரம்மா இன்ச் டேப் எடுத்து இடுப்ப அளந்தாங்க, 88 சென்டிமீட்டர். நம்ம ஊரு பொம்பளைங்களுக்கு 80 தாண்டினாலே கணக்குல வந்துரும், ஆம்பளைங்களுக்கு 90. இடுப்பு இல்லன்னா எடை, சுகர், பிரஷர், ட்ரைகிளிசரைடு, நல்ல கொலஸ்ட்ரால் கம்மி, இதுல ஒண்ணு இருந்தாலே போதுமாம், அத்தைக்கு சுகரும் இருக்கு. சுகர் இருக்குன்னு வெள்ளச் சர்க்கரைய விட்டுட்டு நாலு காபிக்கும் நாட்டுச்சர்க்கரை போட்டுட்டிருந்தாங்க, சாயங்காலம் பேக்கரி ரஸ்க் தொட்டுக்க. ஈரலுக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க, பாதி ஃபிரக்டோஸ், அது பெரும்பாலும் ஈரலுக்குப் போய் அதுல ஒரு பங்கு அங்கயே கொழுப்பாகிடும்னு டாக்டரம்மா சொன்னதுக்கு அத்தை, "அப்ப காபிய விடணுமா"ன்னாங்க. விட வேணாம், காபி ஈரலுக்கு நல்லதுதான், இனிப்ப மட்டும் விடுங்க, தட்டுல சோறு இருக்கற எடத்துல பாதிக்குக் காய் வைங்கன்னாங்க. கூட்டிட்டுப் போன என்னையும் விடல, என் 80 கிலோல 4 குறைஞ்சாலே ஈரல்ல கொழுப்பு குறையும், 8 குறைஞ்சா ஈரல்ல விழுந்த தழும்பு கூட ஆற வாய்ப்பிருக்குன்னு ஒரு பிடி பிடிச்சாங்க.

இப்ப சொல்லுக்கு வர்றேன். "கொழுப்பு படிந்த கல்லீரல்"ங்கறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். படியறதுன்னா நம்ம போர்வெல் தண்ணிக்குக் கீசர்ல உப்பு படியற மாதிரி, மேல ஒட்டிக்கும், சுரண்டி எடுக்கணும். இது செல்லுக்குள்ளயே துளித்துளியா நிக்கறது. என் ஓட்டு கல்லீரல் கொழுப்பேறல். சுகர் ஏறிடுச்சு, பிரஷர் ஏறிடுச்சு, காய்ச்சல் ஏறிடுச்சுன்னு எல்லாத்துக்கும் அதான சொல்றோம், ஏறினத எறக்கறதுக்குத்தான் வைத்தியம்னு அந்த வினையிலயே இருக்கு. "கொழுப்புக் கல்லீரல்"னா என்னமோ ஆட்டிறைச்சிக் கடையில ஒரு ரகம் மாதிரி, பொறக்கும்போதே அப்படின்னு ஆயிடுது.

---

> ஏறல் சரி தம்பி, ஆனா "கொழுப்பு ஏறிப்போச்சு"ன்னு திட்டறோமே, அத்தைக்கு இன்னும் கோவம் வராதா?

வரும் அண்ணா, இந்திலயும் சர்பி சட்னான்னு இதே வசவுதான், ஏறுற வினை வரைக்கும். ஆனா வசவுல கொழுப்பு ஏறுறது ஆளுக்கு, இங்க முன்னாடி கல்லீரல்னு எடம் சொல்லிட்டோம். அத்தைகிட்ட சோதிச்சுப் பாத்தேன், "ஈரல்ல கொழுப்பேறியிருக்கு, எறக்கிடலாம்"னேன். "எவ்ளோ நாள் ஆகும்"னு கேட்டாங்க, திட்டல.

---

> மெட்ஏஎல்டிக்கு என்ன வைக்கறது? மெட்டபாலிக்கும் இருக்கு, குடியும் இருக்குங்கற கேஸ்.

இது என் கேஸ், சொல்லிடறேன். ஆம்பளைக்கு வாரத்துக்கு 210-லேர்ந்து 420 கிராம் ஆல்கஹால், பொம்பளைக்கு 140-லேர்ந்து 350, அதோட மேல சொன்ன அஞ்சுல ஒண்ணாவது இருந்தா இந்தப் பேரு. 210-க்குக் கீழ இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு அர்த்தமில்ல, அது ரகம் பிரிக்கற கோடு மட்டும்தான், ஏற்கெனவே கொழுப்பேறினவன் சுத்தமா நிறுத்தறதுதான் நல்லதுன்னாங்க டாக்டரம்மா. நான் டெய்லி "ஒரே ஒரு நைன்டிதான்"னு பெருமையா சொன்னேன், அந்தச் சின்ன டெட்ரா பாக்கெட். அவங்க பேனாவ எடுத்தாங்க: 90 மில்லி, 42.8 சதவீதம், சுமார் 30.4 கிராம், ஏழு நாளைக்கு 213. சோடாவுக்குப் பதிலா ஊத்தற கூல்டிரிங்க் இதுல சேராது, அது தனிக்கணக்கு. அன்னிலேர்ந்து நிறுத்தி 19 நாளாச்சு.

"மதுசார்"னு வச்சா குடி மட்டும்தான் காரணம்னு ஆயிடும், அதுக்குத் தனி நோயே இருக்கு. அதனால மதுவும்சேர் கொழுப்பேறல். இலக்கணத்துல எச்ச உம்மைன்னு படிச்சோமே, "அவனும் வந்தான்"னா வேற யாரோ முன்னாடியே வந்திருக்கான்னு அர்த்தம், அந்த உம்தான் இங்க வேலை செய்யுது, என் இடுப்பு 97-ங்கறத அது சொல்லாம சொல்லிடும். உம்முக்கப்புறம் சேர் ஒட்டறது காதுக்குக் கொஞ்சம் இடிக்குதுன்னு எனக்கே தெரியுது, இலக்கணம் தெரிஞ்சவங்க சீர் பண்ணிக் குடுங்க, உம்ம மட்டும் எடுத்துடாதீங்க.