‘பழைய 97’ விபத்துப் பாடலை இரண்டு இசைத்தட்டுகளில் கேட்ட அனுபவம்

வர்ஜீனியா மாநிலத்தின் டான்வில் நகருக்கு அருகில் வேலை நிமித்தமாகச் சில மாதங்கள் தங்கியிருந்தபோது, ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் தம் வீட்டிலிருந்த இசைத்தட்டுகளைக் கேட்க வருமாறு என்னை அழைத்தார். ரயில் கதைப்பாடல்களின் முதல் ஒலிப்பதிவுகளை எண்ணியல் வடிவில் மட்டுமே கேட்டிருந்த எனக்கு அந்த மாலை இன்னும் மறக்கவில்லை.

1903 செப்டம்பர் 27 அன்று, தாமதமாகப் புறப்பட்ட அஞ்சல் ரயிலான 97, இழந்த நேரத்தை ஈடுகட்ட விரைந்து வந்து டான்வில் அருகே வளைந்து செல்லும் பாலத்திலிருந்து பள்ளத்தில் பாய்ந்தது; ஓட்டுநர் ஜோசப் பிராடி உட்படப் பதினொரு பேர் இறந்தனர். அந்தச் சோகத்தை மலைநாட்டு மக்கள் பாடலாக்கினார்கள்.

முதியவர் முதலில் எடுத்தது, பஞ்சாலைத் தொழிலாளியான ஹென்றி விட்டர் 1923 டிசம்பரில் ‘ஓகே’ என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடிய தட்டு. முதியவர் கிராமபோனுக்குச் சாவி கொடுத்து, புதிய எஃகு முள்ளைப் பொருத்தி, அரக்குத் தட்டின் விளிம்பில் மெல்ல இறக்கினார். வாணலியில் எண்ணெய் பொரிவது போன்ற இரைச்சலுக்கு நடுவே கிதாரும், மூக்கால் பாடும் ஒரு குரலும் எழுந்தன. மைக்ரோபோன் வருவதற்கு முந்தைய பதிவு என்பதால், ஒலிப்பதிவுக் குழலின் முன் நின்று பாடியவரின் குரல் அடுத்த அறையிலிருந்து வருவது போல் இருந்தது. ஆனாலும் அது மேடைப் பாடகரின் குரலல்ல, அதே மலைப்பகுதியில் பிறந்தவரின் குரல் என்பது எனக்கு உடனே புரிந்தது.

அடுத்தது வெர்னான் டால்ஹார்ட் 1924 ஆகஸ்டில் விக்டர் நிறுவனத்துக்காகப் பாடி, பத்து லட்சத்துக்கு மேல் விற்ற தட்டு. ஆபரா பாடிப் பழகிய அவரது உச்சரிப்பு தெளிவானது. ஆனால் இறக்கத்தில் ஓட்டுநர் ‘ஏர்பிரேக்’கை இழந்ததாக வர வேண்டிய இடத்தில், ‘ஆவரேஜ்’ (சராசரி) என்றே என் காதில் விழுந்தது. முதியவரிடம் கேட்டு அந்த இடத்தை மூன்று முறை போடச் செய்தேன். டால்ஹார்ட் இந்தப் பாடலை விட்டரின் தட்டைக் கேட்டே கற்றார் என்பதால், மங்கலாகக் கேட்ட ஒரு சொல் இப்படி மாறியிருக்க வேண்டும் என்பதே என் கணிப்பு. பிற்காலத்தில் டேவிட் கிரேவ்ஸ் ஜார்ஜ் என்பவர் இப்பாடல் தம்முடையது என்று விக்டர் மீது வழக்குத் தொடுத்து 1933இல் வென்றார். மேல்முறையீட்டில் அந்த வெற்றி நிலைக்கவில்லை. டால்ஹார்ட் பிசகிப் பாடிய சொற்கள் ஜார்ஜ் அளித்த கைப்பிரதியிலும் இருந்தது அவருக்கு எதிராக அமைந்தது. தாளில் எழுதியதைவிடத் தட்டில் பதிந்ததே மூலத்தை அறிய உதவிய இந்த வழக்கு என்னை மிகவும் வியக்க வைத்தது.

மறுநாள் முதியவர் விபத்து நடந்த இடத்திற்கு என்னை அழைத்துச் சென்றார். பாலம் இப்போது இல்லை. நெடுஞ்சாலையோரம் நினைவுப் பலகை மட்டும் நிற்கிறது. அதன் அருகில் நின்று, சிறுவயதில் வீட்டுத் தட்டிலிருந்து கற்ற அந்தப் பாடலை அவர் மெல்லப் பாடினார். நான் உற்றுக் கேட்டேன். அவரும் ‘ஆவரேஜ்’ என்றே பாடினார்.