2015 சென்னை வெள்ளத்தில் வந்த ஒரு ட்வீட்டைத் தேடுகிறேன், தேதி ஃபில்டர் போட்டால் காலியாக வருகிறது

மழைக்காகம்:
வணக்கம். எக்ஸில் (எனக்கு இன்னும் அது ட்விட்டர்தான்) பழைய பதிவு ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் தண்ணீர் வந்து அடையாறு பெருகியபோது என் அத்தை ஜாபர்கான்பேட்டையில் தரைத்தள வீட்டில் மாட்டிக்கொண்டார். நான் பெங்களூரில் இருந்தேன். அவருக்குப் போன் போகவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் "மாடி காலியாக இருக்கிறது, வரலாம்" என்று ட்வீட் போட்டிருந்தார். அதற்குப் பதிலாக அத்தையின் முகவரியைப் போட்டேன். அவரே போய் அழைத்து வந்து மூன்று நாள் வைத்துக்கொண்டார்.

பிறகு இரு குடும்பமும் வீடு மாறி, தொடர்பு விட்டுப்போனது. அவர் ஐடியும் நினைவில்லை. அத்தைக்கு வரும் தை மாதம் எழுபது வயது. அந்த ட்வீட்டைப் பிரிண்ட் எடுத்துக் கொடுக்க ஆசை.

செய்து பார்த்தது: அட்வான்ஸ்டு சர்ச்சில் அந்த வாக்கியத்தை 'இதே சொற்றொடர்' கட்டத்தில் போட்டேன். ராத்திரி இரண்டரை மணி என்பது நன்றாக நினைவிருக்கிறது. அதனால் தொடக்கம், முடிவு இரண்டுக்கும் டிசம்பர் 2. ஒன்றுமே வரவில்லை.

ஓசிவைஃபை:
அவ்வளவு பழையது தேடலில் வராது ப்ரோ. ஒரு வாரத்துக்கு முந்தையது வரைதான்.

பழைய ரேடியோ:
அப்படியில்லை தம்பி. 2014 நவம்பரிலேயே 2006 முதலான பொதுப் பதிவுகள் எல்லாவற்றையும் தேடலுக்குள் கொண்டு வந்துவிட்டார்கள்.

மழைக்காகம், முடிவுத் தேதியில்தான் சிக்கல். அது 'அந்த நாளுக்கு முன்பு வரை' என்று பொருள். 2 முதல் 2 வரை என்றால் நடுவில் ஒரு நிமிடம்கூடக் கிடையாது. முடிவை 3 ஆக்குங்கள். வந்ததும் 'டாப்' பக்கத்தில் நிற்காமல் 'லேட்டஸ்ட்' பக்கத்துக்குப் போங்கள். அதிகம் பேர் பார்க்காத ட்வீட் டாப்பில் ஏறாது.

மழைக்காகம்:
நன்றி அண்ணா. 3 போட்டேன், சொற்றொடரை எடுத்துவிட்டு வெறும் 'மாடி' என்று தேடினேன். நிறைய வருகிறது, அது மட்டும் இல்லை. இரண்டு மணி நேரம் ஸ்க்ரோல் செய்து கண் பூத்துப்போச்சு.

தட்டச்சுத்தம்பி:
நீங்கள் தேடுவது தப்பான நாள். இந்தத் தேதிகள் கிரீன்விச் நேரப்படி எண்ணப்படுகின்றன. நம் நேரம் ஐந்தரை மணி முன்னால். டிசம்பர் 2 இரவு 2.30 என்பது அங்கே டிசம்பர் 1 இரவு 9 மணி. நம் விடியற்காலை 5.30க்கு முன் போட்ட எதுவும் முந்தின நாள் கணக்கில்தான் இருக்கும்.

இன்னொன்று, தமிழ்ச் சொல்லை நம்பித் தேடாதீர்கள். 'மாடி' என்று தேடினால் 'மாடியில்' சிக்காது. வேற்றுமை உருபு ஒட்டியதும் அதற்கு அது வேறு சொல். பத்து வருடம் கழித்து நினைவில் இருக்கும் வாக்கியம் அப்படியே இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அன்று பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டினார்கள்.

அவர் ட்வீட்டை விடுங்கள், உங்கள் பதிலைத் தேடுங்கள். தேடல் பெட்டியில் நேரடியாக இப்படி (ஆங்கிலச் சின்ன எழுத்தில்):

ஃப்ரம்:உங்கள்ஐடி சின்ஸ்:2015-12-01 அன்டில்:2015-12-03 ஃபில்டர்:ரிப்ளைஸ்

முக்காற்புள்ளிக்குப் பிறகு இடைவெளி விடக் கூடாது. நடுவில் ஐடி மாற்றியிருந்தால் இப்போதைய ஐடி. பதிலைத் தொட்டால் அதற்கு மேலே மூல ட்வீட் நிற்கும். அவர் அழித்திருந்தாலோ கணக்கைப் பூட்டியிருந்தாலோ மட்டும் தெரியாது.

கோடைமேகம்:
அதுவும் சிக்கவில்லை என்றால், அதற்கு லைக் போட்டிருந்தீர்களா? செட்டிங்ஸில் உங்கள் தரவின் நகலைக் கேளுங்கள். வர ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். லைக் போட்ட பதிவுகளின் எழுத்து அந்தக் கோப்பில் இருக்கும்.

மழைக்காகம்:
கிடைத்துவிட்டது!!! தட்டச்சுத்தம்பி சொன்ன வரியை அப்படியே தட்டினேன். அந்த இரண்டு நாளில் நான் எழுதிய பதில்கள் மொத்தம் பதினொன்று. நான்காவதே அது.

அவர் எழுதியது 'மாடில எடம் இருக்கு, யாரா இருந்தாலும் வாங்க'. அதில் 'காலி' என்ற சொல்லும் இல்லை, 'இருக்கிறது' என்ற சொல்லும் இல்லை. நான்தான் இத்தனை வருடமாக அதைத் திருத்தி நினைவில் வைத்திருந்திருக்கிறேன்.

பழைய ரேடியோ:
மகிழ்ச்சி. ஒரு விஷயம், உங்கள் பதிலில் அத்தையின் முகவரி இன்னும் பொதுவில் கிடக்கிறதல்லவா? முதலில் மூல ட்வீட்டின் லிங்க்கை எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் உங்கள் பதிலை அழித்துவிடுங்கள்.

மழைக்காகம்:
முகவரி பழையது அண்ணா, ஆனால் கூடவே போன் நம்பரும் போட்டிருக்கிறேன். அது இன்றும் அதேதான். ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு இப்போதுதான் அழித்தேன். அவர் ஐடியை மாற்றியிருக்கிறார், கடைசிப் பதிவு 2019. மெசேஜ் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பார்க்கவில்லை.