சம்பங்கிக் கிழங்கைத் தோண்டுவது அணில்தானா? பாத்தியைக் காக்க வழி என்ன?

பாலக்கோடு வாசகி:

அனைவருக்கும் வணக்கம். பாலக்கோட்டிலிருந்து மாரண்டஅள்ளி செல்லும் வழியில் உள்ள எங்கள் வீட்டின் பின்புறம் ஐந்து சென்ட் அளவில் தோட்டம் வைத்திருக்கிறேன். ஆனி மாதக் கடைசியில் இரண்டு பாத்திகளில் பிரஜ்வல் ரகச் சம்பங்கிக் கிழங்குகள் 120 நட்டேன். அடியுரமாக மாட்டு எருவும் கடலைப் பிண்ணாக்கும் இட்டிருந்தேன். மூன்றாம் வாரத்தில் முளைகள் தலைகாட்டிய வேளையில், பாத்தி ஓரத்தில் ஏழெட்டுக் கிழங்குகள் தோண்டப்பட்டு, பாதி கடித்த நிலையில் கிடந்தன. அதன்பின் இரண்டு நாளைக்கு ஒருமுறை இதே நிலைதான். இன்று காலைவரை 41 கிழங்குகள் போய்விட்டன.

பகலில் அணில்கள் பாத்தியில் இறங்கி மண்ணைக் கிளறுவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். வேலியோர மாமரத்தில் அவை கூடு கட்டியிருக்கின்றன. எலி மருந்து தடவிய தேங்காய்த் துண்டுகளை வைத்துவிடுமாறு பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டில் பூனை இருக்கிறது, மூன்று வயதுப் பேத்தியும் அங்கேதான் விளையாடுகிறாள். மிளகாய்த்தூள் தூவிப் பார்த்தேன், அன்றிரவு பெய்த மழையில் அது கரைந்துவிட்டது. எந்த உயிரையும் கொல்லாமல் மீதமுள்ள கிழங்குகளைக் காப்பாற்ற வழி இருந்தால் அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

தேன்கனிக்கோட்டை விவசாயி:

அம்மா, மருந்து வைக்காமல் பொறுத்திருந்தது நல்லது. வழி தேடும் முன், கிழங்கைக் கடிப்பது எது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். அணிலின் மீது எனக்கு ஐயம் இருக்கிறது. வெளிநாட்டுத் தோட்டக் குறிப்புகளில் டூலிப், குரோக்கஸ் கிழங்குகளை அணில் தோண்டித் தின்பதாகப் படித்திருப்பீர்கள். அங்கே சொல்லப்படுவது பெரும்பாலும் வட அமெரிக்கச் சாம்பல் நிற அணில். பனிக்காலத்துக்காகக் கொட்டைகளை மண்ணில் புதைத்து வைத்து, பிறகு தேடித் தோண்டுவது அதன் வாழ்க்கைமுறை. நம் முதுகுக்கோட்டு அணிலோ பழம், விதை, மொட்டு, பூச்சி ஆகியவற்றை மரத்திலும் தரையிலும் தேடித் தின்பது. மாதுளையிலும் கொய்யாவிலும் அது செய்யும் சேதத்தை நான் மறுக்கவில்லை. கோடையில் தண்ணீருக்காகச் சொட்டுநீர்க் குழாயையே கடித்து ஓட்டையிட்டுவிடும். ஆனால் நட்ட கிழங்கை வரிசையாகத் தோண்டி எடுப்பதை என் முப்பது ஆண்டு விவசாயத்தில் நான் கண்டதில்லை.

தவிர, அணில் பகலில் மட்டுமே நடமாடும். பொழுது சாய்ந்தால் கூட்டுக்குள் அடங்கிவிடும். எனவே மாலை ஆறு மணிக்குப் பாத்தியைச் சுற்றிச் சலித்த சாம்பலை ஒரு முழ அகலத்துக்கு மெல்லியதாகப் பரப்பி வையுங்கள். மாலையில் எத்தனை கிழங்குகள் இருந்தன, விடியற்காலையில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். இரவில் எண்ணிக்கை குறைந்தால் அணில் குற்றவாளியன்று.

தடயங்களும் வேறுபடும். பெருச்சாளி வந்திருந்தால் பாத்திக்குப் பக்கத்தில், பெரும்பாலும் சுவரோரத்திலோ கல்லடியிலோ, வளைவாயில் புதுமண் குவிந்து கிடக்கும். முள்ளம்பன்றி என்றால் குழி பெரிதாக இருக்கும், கிழங்கில் அகலமான பல்தடம் பதிந்திருக்கும், சில நாள் முள் ஒன்றாவது விழுந்து கிடக்கும். எங்கள் பக்கம் காடு அருகில் இருப்பதால் காட்டுப்பன்றியும் வரும். அது வந்த நிலம் கலப்பை ஓட்டியதுபோலப் புரண்டு கிடக்கும் என்பதால் அதைக் கண்டுபிடிக்கச் சாம்பலே தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் இட்ட கடலைப் பிண்ணாக்குதான் இத்தனைக்கும் தொடக்கமாக இருக்கக்கூடும். அதன் மணத்துக்கு எலியினம் தானாகவே வந்து சேரும். பிண்ணாக்கைத் தேடித் தோண்டும்போது வாயில் அகப்படுவது கிழங்கு. பகலில் அணில்கள் கிளறுவதும் அதே பிண்ணாக்குத் துணுக்குகளுக்காக இருக்கலாம். இனி வேப்பம் பிண்ணாக்குக்கு மாறிவிடுங்கள்.

ஓசூர் மாடித்தோட்டம்:

விவசாயி ஐயா சொன்ன சாம்பல் சோதனையை முதலில் செய்யுங்கள். பெருச்சாளி என்று தெரிந்தால் கம்பி வலையைத் தவிர வேறு எதையும் நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. மிளகாய்த்தூள், பூண்டுக் கரைசல், நாப்தலீன் உருண்டை எல்லாவற்றையும் நான் முயன்று பார்த்துவிட்டேன். ஒரு மழையோ ஒரு வாரமோ போனால் பலன் போய்விடுகிறது. நாப்தலீன் குழந்தை இருக்கும் வீட்டில் கூடவே கூடாது.

சம்பங்கிக் கிழங்கை மிக ஆழமாக நட முடியாது; பரிந்துரைக்கப்படும் ஆழம் ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர்தான். மேலாகக் கிடக்கும் கிழங்கை எடுப்பது எந்த விலங்குக்கும் எளிது. ஆகவே கிழங்கைச் சுற்றிக் கூடைபோல வலை அமைக்க வேண்டும். துத்தநாகப் பூச்சுள்ள, அரை அங்குலக் கண்ணுடைய வெல்டிங் வலையை வாங்குங்கள். கோழிக்கூண்டுக்குப் போடும் ஒரு அங்குல அறுகோண வலை மலிவாகக் கிடைக்கும், ஆனால் சுண்டெலியும் எலிக்குஞ்சும் அதில் நுழைந்துவிடும். பாத்தி மண்ணை ஓரடி ஆழத்துக்கு எடுத்து, அடியிலும் நான்கு பக்கங்களிலும் வலையைப் பொருத்தி, விளிம்பு தரைக்கு மேல் ஒரு சாண் நிற்குமாறு விட்டு, மண்ணை நிரப்பி நடுங்கள். மேலே ஒரு வலையை மூடிபோல வைத்துக் கட்டுங்கள். இலைகள் நான்கு விரற்கடை வளர்ந்ததும் மேல்மூடியை மட்டும் எடுத்துவிடலாம். வெட்டிய கம்பி முனைகளை உட்புறமாக மடக்கிவிட மறக்காதீர்கள், பேத்தியின் கை பட்டுவிடும்.

நைலான் மீன்வலையைப் பயன்படுத்தவே வேண்டாம். எலியைப் பிடிக்க வரும் சாரைப்பாம்பு அதில் சிக்கி, நகர முடியாமல் வெயிலில் காய்ந்து இறந்ததை என் தங்கை வீட்டில் பார்த்தேன். நமக்கு உதவ வந்த உயிரை நாமே கொன்றோமே என்ற வருத்தம் எங்களுக்கு இன்றும் தீரவில்லை.

பாதி கடித்த கிழங்குகளை எறிந்துவிட்டீர்களா? அடித்தட்டு, அதாவது வேர் புறப்படும் பகுதி, சேதமில்லாமல் இருந்தால் கடிவாயில் மரச்சாம்பலைத் தடவி, நிழலில் இரண்டு நாள் உலர்த்தி மீண்டும் நட்டுப் பாருங்கள்.

பென்னாகரம் ஆசிரியர்:

மருந்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எலி மருந்து தின்ற எலி உடனே சாவதில்லை; தடுமாறித் திரியும்போது அதைப் பிடிக்கும் பூனையும் கூகையும் சேர்ந்து சாகின்றன. ஒரு கூகைக் குடும்பம் இரவுதோறும் பிடிக்கும் எலிகளை எந்த மருந்தாலும் ஈடுசெய்ய முடியாது.

யாராவது மின்சாரக் கம்பி இழுக்கச் சொன்னால் அதற்கும் இடம் கொடுக்காதீர்கள். 2023 மார்ச்சில் உங்கள் மாரண்டஅள்ளிப் பக்கத்திலேயே சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் இறந்து, இரண்டு குட்டிகள் தனித்து நின்றதை நம் மாவட்டம் மறந்திருக்காது. காட்டுப்பன்றிக்கென்று இழுத்த கம்பி யானையையும் மாட்டையும் மனிதனையும் பிரித்துப் பார்ப்பதில்லை. காப்புக்காட்டை ஒட்டிய நிலங்களில் முறையான சூரிய மின்வேலி அமைப்பதற்கே 2023-ஆம் ஆண்டு வந்த விதிகளின்படி வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும். ஐந்து சென்ட் தோட்டத்துக்கு அது தேவையும் இல்லை.

பாலக்கோடு வாசகி:

மூவருக்கும் மிக்க நன்றி. நான்கு நாள் சாம்பல் பரப்பிக் கணக்கு எடுத்தேன். பகலில் ஒரு கிழங்கும் குறையவில்லை. அணில்களின் சிறு காலடிகள் பாத்தியின் மேற்பரப்பில் மட்டும் இருந்தன. இரண்டாம் இரவில் மூன்று கிழங்குகளும் நான்காம் இரவில் ஐந்தும் போயின. சாம்பலில் பெரிய காலடியும் வால் இழுத்த கோடும் தெளிவாகத் தெரிந்தன. அந்தத் தடத்தைப் பின்பற்றிச் சென்றபோது துணி துவைக்கும் கல்லின் அடியில் வளையைக் கண்டோம். வாயிலில் கூடை அளவு புதுமண் கிடந்தது. பெருச்சாளிதான்.

எஞ்சியிருந்த 71 கிழங்குகளையும் தோண்டி எடுத்துவிட்டோம். பிண்ணாக்கு கலந்த மண்ணை அகற்றித் தென்னைமரத்தின் அடியில் ஆழமாகப் புதைத்தோம். தருமபுரியில் அரை அங்குல வலை வாங்கி வந்து, கொத்தனார் ஒருவரின் உதவியுடன் ஒரு பாத்திக்கு மட்டும் கூடை அமைத்து, நேற்று மாலை நெருக்கமாக நட்டிருக்கிறேன். கடிபட்டவற்றில் அடித்தட்டு நன்றாக இருந்த ஒன்பது கிழங்குகள் திண்ணையில் நிழலில் உலர்கின்றன. மாமரத்தடியில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்திருக்கிறேன். இன்று காலை முதலில் குடிக்க வந்தது ஓர் அணில்.