கையைத் தூக்கினால் மனந்திரும்பியதாகுமா?

வேப்பேரிக்காரன்: நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "இயேசு உங்கள் இருதயக் கதவைத் தட்டுகிறார், கையை உயர்த்தி ஒரு ஜெபம் சொன்னால் போதும், இரட்சிப்பு உறுதி." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அந்தக் கதவு வசனம் பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தல் 3:20. அது லவோதிக்கேயா சபைக்கு எழுதியது. ஏற்கெனவே விசுவாசிகள் என்று சொல்லிக்கொண்டு, காசு சேர்ந்ததும் வெதுவெதுப்பாகிப் போன கூட்டம் அது. அதற்கு முந்தின வசனத்திலேயே 'மனந்திரும்பு' என்று இருக்கிறது. அதை ஏன் மேடையில் யாரும் படிப்பதில்லை?

பெரம்பூர் விசுவாசி: எழுதினது நான்தான் பிரதர், பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். 'ஒருவன் என் சத்தத்தைக் கேட்டு' என்றுதான் வசனம். லவோதிக்கேயாக்காரன் கேட்டு என்று இல்லை. 2009-ல் தீவுத்திடல் கூட்டத்தில் இந்த வசனத்தைக் கேட்டுத்தான் கையைத் தூக்கினேன். அப்போது என் பேண்ட் பையில் பாதி குவார்ட்டர் இருந்தது. வெளியே வந்து சாக்கடையில் கவிழ்த்தேன், இன்றுவரை தொடவில்லை. அதைப் பொய் என்கிறீர்களா?

வேப்பேரிக்காரன்: ஸ்தோத்திரம், பொய் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் பாட்டிலைக் கவிழ்த்தீர்களே, அதுதான் மனந்திரும்புதல். வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு வீட்டுக்கு ஆண்டவர் போனார், அவன் கையையா தூக்கினான்? அநியாயமாக வாங்கினதை நாலு மடங்காகத் தருகிறேன் என்றான். என் சொந்தக்காரர் ஒருவர் இதே மாதிரி ஒரு கூட்டத்தில் அழுதுகொண்டே முன்னால் போனார். எனக்குத் தரவேண்டிய சீட்டுப் பணம் 80,000 இன்னும் வரவில்லை. கேட்டால் 'பழையவைகள் ஒழிந்துபோயின' என்று எனக்கே வசனம் சொல்கிறார்!

சாந்தோம் அக்கா: இதற்குத்தான் தம்பி எங்கள் கத்தோலிக்க சபையில் பாவசங்கீர்த்தனம், அதாவது சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது, இருக்கிறது. மனஸ்தாபம், அறிக்கை, பரிகாரம் மூன்றும் வேண்டும். பணத்தைத் திருப்பிக் கொடு என்று எங்கள் சாமியார் முதலில் சொல்லுவார்.

பெரம்பூர் விசுவாசி: தேவனிடம் நேராகச் சொல்லாமல் மனுஷன் காதில் எதற்குச் சொல்லவேண்டும்?

சாந்தோம் அக்கா: பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தை இயேசு சீஷர்களுக்குக் கொடுத்த யோவான் 20:23 படித்துவிட்டு வா, அப்புறம் பேசலாம்.

மணலி பையன்: மெட்டனோயா என்ற கிரேக்கச் சொல்லுக்கு மனம் மாறுதல் என்று பொருள். அதை முதலில் தெளிவாக்கிக்கொண்டால் இந்தச் சண்டையே...

வேப்பேரிக்காரன்: பேச்சை மாற்றாதீர்கள். நான் கேட்டது ஒன்றுதான், அது லவோதிக்கேயாவுக்கு எழுதியதா இல்லையா? கத்தோலிக்க சபையை எதிர்த்துச் சீர்திருத்தம் தொடங்கிய லூத்தர் 1517-ல் தன் 95 கருத்துகளில் முதலாவதாக என்ன வைத்தார்? விசுவாசியின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதல் என்று. ஒரு ராத்திரி, ஒரு திடல், ஒரு கை என்று இல்லை.

சாந்தோம் அக்கா: லூத்தரை இழுத்தால் நான் சும்மா இருக்கமாட்டேன்.

பெரம்பூர் விசுவாசி: கைக்குழந்தைக்குத் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் என்கிறவர்கள் எனக்கு மனந்திரும்புதல் சொல்லித் தருகிறீர்களா? அந்தக் குழந்தை எப்போது மனந்திரும்பியது? போன டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸுக்கு நாங்கள் வந்தபோது, 'இது எங்கள் ஏரியா' என்று உங்கள் ஆட்கள் எங்களைத் திருப்பி அனுப்பியதையும் நான் மறக்கவில்லை.

வேப்பேரிக்காரன்: கேரலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? எங்களுக்குத் திடப்படுத்தல் இருக்கிறது, பிள்ளை வளர்ந்து தன் வாயால் விசுவாசத்தை அறிக்கை செய்கிறான். என் தாத்தா 1956-ல் அமெரிக்க நற்செய்திப் பிரசங்கியார் பில்லி கிரகாம் மெட்ராஸ் வந்தபோது போய்க் கேட்டவர். வீட்டுக்கு வந்ததும் ஏழு வருஷம் பேசாதிருந்த தம்பியின் வீட்டுக் கதவை இவர்தான் போய்த் தட்டினார். நான் சொல்லும் கதவு அதுதான். நீங்கள் சொல்லும் வசனம் லவோதிக்கேயாவுக்கு.

பெரம்பூர் விசுவாசி: உங்கள் தாத்தாவும் கூட்டத்துக்குப் போய்த்தானே மாறினார்! 'ஒருவன்' என்றுதான் இருக்கிறது பிரதர், பைபிளைத் திறந்து பாருங்கள்.

வேப்பேரிக்காரன்: திறந்துதான் வைத்திருக்கிறேன். பதினாலாம் வசனத்திலிருந்து படியுங்கள், யாருக்கு என்று அங்கே எழுதியிருக்கிறது.