1.4 கோடி எலக்ட்ரிக்கல் வேலை வருது, கையில காசு 15 லட்சம்தான். எப்படி ஓட்டுறது?

செங்கை வயர்மேன்:

எல்லாருக்கும் வணக்கம். செங்கல்பட்டு பக்கம் எலக்ட்ரிக்கல் சப் கான்ட்ராக்ட் பண்றேன், ப்ரொப்ரைட்டர்ஷிப்தான், ஜிஎஸ்டி இருக்கு, உத்யம் (சின்ன தொழில் பதிவு) இருக்கு, லைசென்ஸ் இருக்கு, ஆளுங்க பத்துப் பன்னெண்டு பேரு. இது வரைக்கும் வீடு, சின்ன அபார்ட்மென்ட், ஒரு ஸ்கூல்னு 15, 20 லட்சத்து வேலைதான். இப்போ ஒரகடம் பக்கம் கம்பெனி தொழிலாளர் ஹாஸ்டல் ஒண்ணு, நாலு ப்ளாக், மெட்டீரியலோட 1.4 கோடி, ஜிஎஸ்டி தனி, எட்டு மாசத்துல முடிக்கணும். மெயின் கான்ட்ராக்டர்கிட்ட ஏற்கனவே ரெண்டு சின்ன வேலை பண்ணிருக்கேன், லேட்டா குடுப்பாரு ஆனா குடுத்துருவாரு.

டெர்ம்ஸ் என்னன்னா மாசம் ஒரு ஆர்ஏ பில் (அது வரைக்கும் முடிச்ச வேலைக்கான பில்), சர்ட்டிஃபை ஆனதுல இருந்து 45 நாள்ல பேமென்ட், ஒவ்வொரு பில்லுலயும் 5% ரிடென்ஷன்னு பிடிச்சு வச்சுக்குவாங்க, அது வேலை முடிஞ்சு 12 மாசம் கழிச்சுதான் வரும். 10% அட்வான்ஸ் தர்றாங்க ஆனா அதுக்கு பேங்க் கேரண்டி (நான் திருப்பித் தரலன்னா பேங்க் தரும்னு உறுதி) கேக்குறாங்க. மெட்டீரியல் மட்டும் 80 லட்சத்துக்கு மேல ஆகும். கையில 15 லட்சம், அதுக்கு மேல வீட்டம்மா நகை. ஒரு ஃபைனான்ஸ் கம்பெனில 30 லட்சம் பிசினஸ் லோன் தர்றோம்னு போன் மேல போன், மச்சான் ரெண்டு வட்டிக்கு ஆள் இருக்குங்குறாரு. விடவும் மனசு வரல, எடுத்து நடுவுல நின்னுட்டா என்ன பண்றதுன்னும் பயம். இந்த சைஸ் வேலை எடுத்தவங்க எப்படி ரொட்டேஷன் பண்ணீங்க?

கோவை கான்ட்யூட்:

ப்ரோ மொத ஒரு விஷயம், 1.4 கோடி வேலைக்கு 1.4 கோடி தேவைப்படாது, எத்தனை நாள் காசு வெளிய நிக்குதுங்குறதுதான் கணக்கு. வேலை செய்யுற மாசம் 30 நாள், பில் போட்டு அவங்க இன்ஜினியர் எம்-புக் (வேலை அளவு எழுதுற நோட்டு) செக் பண்ணி கையெழுத்து போட எப்படியும் 15 நாள் இழுப்பாரு, அதுக்கப்புறம் 45. ஆக நீங்க ஒண்ணாம் தேதி போட்ட ரூபா திரும்பி வர 90 நாள். உங்க லாபம் 10%னு வச்சா செலவு 1.26 கோடி, மாசத்துக்கு 15, 16 லட்சம், மூணு மாசம் வெளிய நின்னா 47 லட்சம் கிட்ட. அதுவும் எல்லா மாசமும் சமமா செலவாச்சுன்னாதான். நம்ம லைன்ல அப்படி ஆகாதுன்னு உங்களுக்கே தெரியும், ஸ்லாப்ல பைப் போடுற வரைக்கும் கூலிதான், பிவிசி பைப்பும் ஜங்ஷன் பாக்ஸும் பெரிய காசில்ல, எல்லாம் நல்லா போற மாதிரிதான் இருக்கும். வயர் இழுக்க ஆரம்பிச்சு மெயின் கேபிளும் டிபியும் (கரண்ட பிரிச்சு விடுற பெட்டி) வர்ற மாசத்துலதான் ஒரே அடியா 25, 30 லட்சம் கேக்கும். பாதி பேர் விழுறது அங்கதான்.

அதனால லோன் தேடுறதுக்கு முன்னாடி வொர்க் ஆர்டர்ல கையெழுத்து போடாம டெர்ம்ஸ் பேசுங்க, கையெழுத்துக்கு அப்புறம் ஒரு டீக்குக் கூட உங்க பேச்சு செல்லாது. வயரும் கேபிளும் அவங்களே வாங்கித் தரட்டும். அதுல நமக்கு நிக்குற மார்ஜின் போயிரும்தான், ஆனா காப்பர் விலை ஏறுனா டீலர் லிஸ்ட்டை மாத்திருவான், உங்க ரேட்டு மட்டும் எட்டு மாசம் ஃபிக்ஸட், அந்த ரிஸ்க்கும் சேர்ந்து போகுதுல்ல. அவங்க ஒத்துக்கலன்னா சைட்ல வந்து இறங்கின சரக்குக்கு 70, 75% பில் போட அனுமதி கேளுங்க. மாசம் ஒரு பில்லை பதினஞ்சு நாளுக்கு ஒண்ணா மாத்துங்க.

இன்னொண்ணு, யாரும் கவனிக்காதது, பாயிண்ட் ரேட்டோட (ஒரு லைட், ஃபேன் பாயிண்ட்டுக்கு இவ்வளவுன்னு பேசுற ரேட்டு) பிரேக்கப். பைப் போட்டா எத்தனை %, வயர் இழுத்தா எத்தனை, சுவிட்ச் மாட்டுனா எத்தனை, டெஸ்டிங் ஹேண்டிங் ஓவருக்கு எத்தனைன்னு இருக்கும். அவங்க டிராஃப்ட்ல பைப்புக்கு 20, கடைசி டெஸ்டிங்குக்கு 20ன்னு வச்சிருப்பாங்க. பைப்புக்கு 35 கேளுங்க, டெஸ்டிங்க 5க்கு இறக்குங்க. மொத்த ரேட்டு மாறலைங்குறதால அவங்க கமர்ஷியல் ஆளு பெருசா எதிர்க்க மாட்டாரு, ஆனா உங்களுக்கு ஆரம்பத்துலயே காசு வந்துரும்.

ஜிஎஸ்டியும் பாத்துக்கங்க. 18%னா மொத்தம் 25 லட்சத்துக்கு மேல, சரக்கு வாங்குன இன்புட் பாதி கழியும், மீதிய அவங்க பேமென்ட் தர்றதுக்கு முன்னாடியே நீங்க கட்டணும். அதனால ஆர்ஏ பில்லை ப்ரொஃபார்மாவா (வரி கணக்குல வராத உத்தேச பில்லா) அனுப்புங்க, சர்ட்டிஃபை ஆனப்புறம் டேக்ஸ் இன்வாய்ஸ் போடுங்க. இத உங்க ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு பண்ணுங்க.

பழைய பேங்க்காரர்:

தம்பி, பேங்க் பக்கத்துல இருந்து சொல்றேன். அந்த பேங்க் கேரண்டி அட்வான்ஸ நம்பாதீங்க. ஏற்கனவே கடன் லிமிட் இல்லாத கஸ்டமருக்கு எந்த மேனேஜரும் சும்மா கேரண்டி தரமாட்டாரு, 14 லட்சம் கேரண்டின்னா 14 லட்சம் எஃப்டி போடுங்கம்பாரு, மேல கமிஷன் வேற. 14 லட்சத்த பூட்டி வச்சுட்டு 14 லட்சம் அட்வான்ஸ் வாங்கி என்ன பிரயோஜனம்? அதுக்கு பதிலா அட்வான்ஸ பாதியா குறைச்சுட்டு செக்யூரிட்டி செக் எடுத்துக்குவாங்களான்னு கேளுங்க. ஆனா அந்த செக் எதுக்காக குடுத்ததுன்னு லெட்டர்ல எழுதி அவங்க கையெழுத்து வாங்கணும், அட்வான்ஸ் முழுசா பிடிச்சப்புறம் செக்க திருப்பி வாங்கணும், இல்லன்னா நாளைக்கு ஏதாவது தகராறுன்னா 138ல (செக் பவுன்ஸ் சட்டப்பிரிவு) கேஸ் போட்டுருவாங்க.

ஃபைனான்ஸ் கம்பெனி லோன் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. 30 லட்சம், 20% வட்டி, 36 மாசம்னா இஎம்ஐ 1.11 லட்சம் வரும், அது அடுத்த மாசமே ஆரம்பிச்சுரும், உங்க முதல் பில் காசு வர்றதுக்குள்ள ரெண்டு மூணு இஎம்ஐ கட்டியிருப்பீங்க. காசு விட்டு விட்டு வர்ற தொழிலுக்கு கேஷ் கிரெடிட்தான் சரி, எடுத்த காசுக்கு எடுத்த நாளுக்கு மட்டும் வட்டி. நீங்க அக்கவுண்ட் வச்சிருக்குற பேங்க்லயே வொர்க் ஆர்டர், ரெண்டு வருஷ ஐடிஆர், ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாம் எடுத்துட்டுப் போய் சிஜிடிஎம்எஸ்இ-ல (சின்ன தொழில் கடனுக்கான கேரண்டி ஸ்கீம்) போட்டுத் தாங்கன்னு பேர சொல்லிக் கேளுங்க, சொத்து அடமானம் இல்லாம தர்றதுக்குத்தான் அந்த ஸ்கீம், வருஷா வருஷம் ஒரு ஃபீ இருக்கும். வருஷ டர்ன்ஓவர்ல 20% லிமிட்ங்குறது பொதுவான கணக்கு, ஆனா போன வருஷம் 70, 80 லட்சம் பண்ணவர் இந்த வருஷம் ரெண்டு கோடி பண்ணுவேன்னா மேனேஜர் அப்படியே ஏத்துக்க மாட்டாரு, 15, 20 லட்சம் கிடைச்சா நல்லது. கையில வர மாசம் தாண்டும், அதனால வேலை ஆரம்பிச்சப்புறம் அலையாதீங்க.

மெயின் கான்ட்ராக்டர் 250 கோடிக்கு மேல டர்ன்ஓவர் உள்ள கம்பெனியா? அப்படின்னா ட்ரெட்ஸ்ல (சின்ன தொழில்காரங்க பில்ல வச்சு முன்னாடியே காசு வாங்குற ஆன்லைன் தளம்) பதிவு பண்ணியிருக்கணும்னு கவர்மென்ட் ரூல் இருக்கு. அவங்க உங்க பில்ல அதுல ஏத்துக்கிட்டா ரெண்டு மூணு நாள்ல டிஸ்கவுண்ட் போக காசு வந்துரும், நாளைக்கு அவங்க கட்டலன்னாலும் பேங்க் உங்ககிட்ட வராது. ஏத்துக்குறதுதான் கஷ்டம், இருந்தாலும் கேட்டுப் பாருங்க.

மேடவாக்கம் மணி:

நான் வேற மாதிரி சொல்றேன் கோச்சிக்காதீங்க. ரெண்டு வட்டின்னா 30 லட்சத்துக்கு மாசம் 60 ஆயிரம், வேலை எட்டு மாசம், கடைசி பில் வர இன்னும் மூணு மாசம், முழுசா ஓடுனா 6.6 லட்சம் வட்டி. உங்க லாபமே 14, அதுல 7 ரிடென்ஷன்ல நிக்குது. மீதி 40 ஆயிரத்துக்கா எட்டு மாசம் ஒரகடம் வெயில்ல நிக்கப் போறீங்க? நாலு ப்ளாக்ல ரெண்டு மட்டும் எடுங்க, மீதிய அவரு வேற ஆளுக்கு குடுக்கட்டும், ரெண்டு ப்ளாக்க ஒழுங்கா முடிச்சா மூணாவது உங்களுக்கே வரும். லேபருக்கு சனிக்கிழமை சாயங்காலம் கூலி குடுக்கலன்னா திங்கக்கிழமை ஒருத்தனும் வரமாட்டான், டீலர் கூட ஒரு மாசம் பொறுப்பான், ஆளுங்க பொறுக்க மாட்டாங்க.

அப்புறம் யாராவது எம்எஸ்எம்இ சட்டத்துல 45 நாள்ல குடுத்தே ஆகணும், சமாதான் போர்ட்டல்ல (பேமென்ட் லேட்டானா புகார் குடுக்குற கவர்மென்ட் சைட்டு) போடலாம்னு சொல்லுவாங்க. சட்டம் இருக்கு, லேட் ஆனா ரிசர்வ் பேங்க் ரேட்ட போல மூணு மடங்கு கூட்டு வட்டினும் இருக்கு. ஆனா மெட்டீரியலும் லேபரும் சேர்ந்த வொர்க்ஸ் கான்ட்ராக்ட் இதுல வராதுன்னு பாம்பே ஹைகோர்ட் தீர்ப்பு இருக்கு, எதிர் பார்ட்டி வக்கீல் மொத அததான் எடுத்து நீட்டுவாரு. அத நம்பி வேலைய எடுக்காதீங்க.

செங்கை வயர்மேன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிண்ணே. நேத்து போய் உக்காந்து பேசிட்டு வந்தேன். ரெண்டு ப்ளாக் மட்டும்னா வேணாம்னுட்டாங்க, ஒரே ஆளுதான் வேணுமாம். வயரும் மெயின் கேபிளும் அவங்க வாங்கித் தர ஒத்துக்கிட்டாங்க, அத கழிச்சதுல ஆர்டர் 92 லட்சத்துக்கு இறங்கிருச்சு. பதினஞ்சு நாளுக்கு ஒரு பில் ஓகே, 45 நாள 30 ஆக்கிட்டாங்க, பைப் ஸ்டேஜுக்கு 30% தர்றாங்க. 5% அட்வான்ஸ் செக் மேல. ரிடென்ஷன் மட்டும் அசையவே மாட்டேன்னுட்டாரு. ட்ரெட்ஸ் பத்தி கேட்டேன், அக்கவுண்ட்ஸ்ல இருந்த பொண்ணுக்கு அது என்னன்னே தெரியல. கோவை அண்ணன் கணக்குப்படி போட்டுப் பாத்தா 20 லட்சம் கிட்ட வெளிய நிக்கும்போல. பேங்க்ல சிசி (கேஷ் கிரெடிட்) அப்ளை பண்ணிட்டேன், அது வரைக்கும் தேவைப்பட்டா நகைய பேங்க்ல வச்சு சமாளிச்சுக்கலாம்னு இருக்கேன். மச்சான்கிட்ட வேணாம்னு சொல்லிட்டேன், ரெண்டு நாளா போன் எடுக்கல அவரு.

கோவை கான்ட்யூட்:

சூப்பர் ப்ரோ, 30 நாள் வாங்குனதே பெருசு. ஒண்ணே ஒண்ணு, சரக்கு அவங்க தந்தா வேஸ்டேஜ் க்ளாஸ் (எவ்வளவு வரைக்கும் வீணாகலாம்னு ஒரு கண்டிஷன்) இருக்கும், அத படிங்க. 2, 3%க்கு மேல போனா கடைசி பில்லுல மார்க்கெட் ரேட்டவிட கூட போட்டுப் பிடிப்பாங்க. வயர் வர்றப்போ காயில் 90 மீட்டரா நீளமான ப்ராஜெக்ட் காயிலான்னு எண்ணி ஸ்டோர் கீப்பர் கையெழுத்தோட வாங்குங்க, எந்த ரூமுக்கு எத்தனை காயில் போச்சுன்னு ஒரு நோட்டு போடுங்க, துண்டு வயர கூட தூக்கிப் போடாம சாக்குல கட்டி எடை போட்டு அவங்ககிட்டயே திருப்பிக் குடுத்து ரசீது வாங்கிருங்க. ஸ்டோர் சாவி உங்க ஆளுகிட்ட இருக்கட்டும்.